1984 புல்லட் 350: வெட்டி கஃபே ரேசர் ஆக்குவதா, பழையபடி கொண்டுவருவதா?

கரூர்_காற்று

எல்லாருக்கும் வணக்கம். குளித்தலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு வீட்டில், மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தார்ப்பாய் மூடி ஒன்பது வருடம் நின்ற 1984 மாடல் புல்லட் 350 ஒன்றை 38,000 ரூபாய்க்குப் பேசி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வலது பக்க கியர், 6 வோல்ட், காஸ்ட் அயர்ன் எஞ்சின். ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் நெல் வியாபாரம் செய்தவராம், இறந்து ஆறேழு வருடம் ஆகிறது, மகன்தான் விற்றார். ஆர்சி புக் கையில் இருக்கிறது, ஆனால் பெயர் இன்னும் பெரியவர் பெயரிலேயே இருக்கிறது.

நிலைமை: டேங்க் உள்ளே துரு. சீட்டை எலி தின்றிருக்கிறது. ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) கண்ணாடி இல்லை. கிக்கர் இறங்குகிறது, ஆனால் காலுக்கு ரொம்பக் கனம். முன் பிரேக் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை.

டவுனில் கஸ்டம் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். கஃபே ரேசர், அதாவது பழைய பந்தய வண்டித் தோற்றம்: சீட்டுக்குப் பின்னால் உள்ள குழாயை வெட்டி ஒற்றை சீட், தாழ்ந்த ஹேண்டில்பார், முன்னால் டிஸ்க், ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், 12 வோல்ட், எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் என்றார். அந்தத் தோற்றம் எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் வண்டியைப் பார்த்ததும் அப்பா "இதை வெட்டவா வாங்கினே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. எங்கே ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

பழையசாவி (திருச்சி)

தம்பி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தை எடுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் மகன் நேராக உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது. வண்டி முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும், அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். அதற்குப் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். பழைய ஆர்சி புக் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தால்தான் சாலையில் ஓட்டலாம், புதுப்பித்தால் ஒரு தடவைக்கு 5 வருடம். இதற்கே இரண்டு மூன்று மாதம் போகும், அதனால் இன்றே ஆரம்பியுங்கள். மகனிடம் உறவு நன்றாக இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் கேஸ் மாறிய புல்லட் நம் ஊரில் ஏராளம். எண் பொருந்தவில்லை என்றால் பெயிண்டுக்கும் குரோமுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது கிக்கர் கனம். பயப்பட வேண்டாம், எஞ்சின் இறுகிவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம். இந்த எஞ்சினில் ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது, கிராங்க்கேஸ் என்கிற எஞ்சின் அடிப்பெட்டிக்குள்ளேயே ஓர் அறையில் நிற்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்ப் வழியே கசிந்து கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றுகிற பகுதிக்குள் இறங்கிவிடும். கிராங்க் ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும்போது கிக்கர் கனமாகத்தான் இருக்கும். அப்படியே அடித்து ஸ்டார்ட் செய்தால் புகை தெருவையே மூடும், சீல்களும் போகும். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுகளைத் திறந்து எல்லா ஆயிலையும் இறக்குங்கள். இறங்கும் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள், அதில் மின்னும் தூள் இருக்கிறதா, என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

அப்புறம் வெட்டுவது பற்றி. வண்டி எப்படி ஓடும் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாத வண்டியில் எதை மாற்றப் போகிறீர்கள்?

கரூர்_காற்று

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆயில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் இறங்கியது, தார் மாதிரி இருந்தது. கிக்கர் இப்போது லேசாகிவிட்டது. எண்கள் இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் தட்டில் மஞ்சளாக மின்னும் தூள் கொஞ்சம் இருக்கிறது. இது என்ன?

மைக்ரான்_கோவை

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன், இந்த எஞ்சின் எனக்குப் பழக்கம். மஞ்சள் தூள் என்றால் ஏதோ புஷ் தேய்கிறது. உங்கள் மாடலில் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் முனையில், ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ்தான், ஓட்டை போட்ட ஒரு வளையம், கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவில் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றும். ஆயில் சரியாகப் போகும்வரை அருமையான அமைப்பு. டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கிறது. அது ஒன்பது வருடத்தில் காய்ந்து சுருங்கியிருந்தால் பம்ப் தள்ளும் ஆயில் உள்ளே போகாமல் வெளியே கசிந்துவிடும், பிக் எண்ட் பட்டினி கிடக்கும். சில ரூபாய் பெறும் சீலுக்காக முழு கிராங்க் போன எஞ்சின்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைப் பாதி உயரத்தில் நிறுத்தி, பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) எடுத்த பிறகு ராடை நேராக மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது இருக்க வேண்டியதுதான். மேலும் கீழும் "டக்" என்று தட்டினால் கிராங்கைப் பிரிக்க வேண்டும்.

பிரித்தால் இரண்டு வழி. அதே ஃப்ளோட்டிங் புஷ் புதிதாகப் போடுவது ஒன்று, ரோலர் பிக் எண்டாக மாற்றுவது மற்றொன்று. நான் ரோலருக்குத்தான் சொல்வேன். வெளியே யாருக்கும் தெரியாது, வண்டியின் முகம் மாறாது, ஆயில் கொஞ்சம் குறைந்தாலும் உடனே சாகாது. ஆனால் பிரஸ் செய்து சேர்த்த பிறகு இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்து டயல் கேஜ் போட்டு நேர் பார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள். நான் 2 தௌவுக்குள் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும்வரை விடமாட்டேன். சுத்தியலால் தட்டி "சரியாயிடுச்சு" என்று கொடுப்பவரிடம் கொடுத்தால், 60 வேகத்தில் கைப்பிடி நடுங்கும்போது என்னை நினைப்பீர்கள்.

போர் செய்வதிலும், அதாவது பேரலின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவதிலும், ஒரு விஷயம். இந்த எஞ்சினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அளந்து பார்த்த பிறகு அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி பேரலைப் போர் செய்யச் சொல்லுங்கள். நிறையப் பேர் பேரலைப் போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைகிறார்கள். ஏற்கெனவே 60 தௌ ஓவர்சைஸ் வரை போயிருந்தால் லைனர் போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம், வார்ப்பிரும்புப் பேரல் அதைத் தாங்கும்.

மாட்டுத்தாவணி_மீனா

கரூர் தம்பிக்கு என் அனுபவம். என் அப்பாவின் 1979 வண்டி, அவர் போன பிறகு நான்கு வருடம் நின்றது. படிவம் 31 வேலையை நானே அலைந்து முடித்தேன், பழையசாவி அண்ணன் சொன்ன வரிசை சரியான வரிசை.

நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன். வண்டியைப் பிரித்தபோது போட்டோ எடுக்கவில்லை. அப்பா கூட இருந்து பார்த்தது நினைவிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பெட்டியில் எல்லா போல்ட்டையும் போட்டுவிட்டேன், இரண்டு மாதம் கழித்து மட்கார்டு ஸ்டே போல்ட் எது, எஞ்சின் பிளேட் போல்ட் எது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்னத் துணிப்பை, அதன் மேல் பெயர், கழற்றும் முன்னும் பின்னும் போட்டோ. இவ்வளவுதான், ஆனால் இதைச் செய்யாமல் இறங்காதீர்கள்.

12 வோல்ட் பற்றி: நான் மாற்றினேன், வருந்தவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வேலையிலிருந்து திரும்புகிறேன், 6 வோல்ட் விளக்கு வெளிச்சத்தில் மேலூர் ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனால் அரைகுறையாக மாற்றக்கூடாது. ஆல்டர்னேட்டர் ஸ்டேட்டர், ரெக்டிஃபையர் ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹார்ன், ஒவ்வொரு பல்பு, பேட்டரி எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பழைய வயரிங்கை வெட்டாமல் முழுதாக உருவி எடுத்து அப்படியே சுற்றி வைத்திருக்கிறேன், புது ஹார்னஸ் தனியாக ஓடுகிறது. நாளைக்கு என் மகள் 6 வோல்ட்டாகவே வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திருப்பிவிடலாம். என் வண்டியில் செய்த எல்லா மாற்றமும் இப்படித் திருப்பக்கூடியதுதான்.

சேலம்_ஸ்போக்

இங்கே எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் கேளுங்கள். நான் 1988 புல்லட்டை வெட்டி ஒற்றை சீட் வைத்தவன். பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன், என் வண்டியை நேசிக்கிறேன். வண்டி என்பது ஓட்டுபவனுக்காக. அருங்காட்சியகத்துக்காக வாங்கியவருக்கு ஒரிஜினல் வேண்டும், நமக்கு ஏன்? தம்பிக்கு அந்தத் தோற்றம் பிடித்திருக்கிறது என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார், அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 இன்ச் ஒற்றை லீடிங் ஷூ டிரம் (சக்கரம் சுழலும் திசையில் ஒரு ஷூ மட்டும் இறுகும்), 160 கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டி. இன்றைய டிராஃபிக்கில் முன்னால் போகும் ஸ்கூட்டர் டிஸ்க் பிடித்து நிற்கும்போது நீங்கள் அதன் மேல் போய் ஏறுவீர்கள். ஒரிஜினல் என்பதற்காக உயிரைக் கொடுக்க முடியுமா?

பழையசாவி (திருச்சி)

சேலத்துத் தம்பி, பிரேக் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியையும் பார்ப்போம். என்னிடம் வரும் பழைய புல்லட்டில் பத்துக்கு எட்டு வண்டிகளில் முன் டிரம் வட்டமாகவே இருக்காது. வருடக்கணக்கில் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், ஷூ நடுவில் மட்டும் தொடும், கேபிள் நீண்டிருக்கும், கேம் ஸ்பிண்டில் காய்ந்து கிடக்கும். டிரம்மை லேத்தில் லேசாகச் சீவி, புது லைனிங் ஒட்டி, ஷூவை டிரம் வளைவுக்கு ஏற்ற மாதிரி உரசி, புது கேபிள் போட்டு, பிரேக் பிளேட்டை அழுத்திப் பிடித்த நிலையில் அச்சு நட்டை முடுக்கினால் ஷூ நடுவில் உட்காரும். அதற்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால், பின்னால் வந்த மாடல்களின் 7 இன்ச் இரட்டை லீடிங் ஷூ டிரம்மைப் போடுங்கள். வெட்டு வேலை இல்லை, அந்த ஆலையின் பாகமேதான்.

இதுதான் நான் முதலில் கேட்க வந்ததும். தேய்ந்த பாகத்தின் குறையை, மாடலின் குறை என்று நினைத்து வெட்டுகிறோம். முதலில் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள், அப்புறமும் ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதை மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சேலம்_ஸ்போக்

இது நியாயம். என் வண்டியில் டிஸ்க் போடும் முன் டிரம்மைச் சீவிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தம்பி முடிவெடுக்க உதவும். குழாயை வெட்டிய பிறகு பதிவு புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோனபோது பட்ட பாடு சின்னப் பாடு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. நான் 2012இல் செய்தபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. வெட்டிய குழாயைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒற்றியூர்_மணல்

கொஞ்சம் ஊர்க்கதை சொல்லலாமா. நான் திருவொற்றியூர்ப் பிள்ளை. புல்லட் எங்கள் ஊர் வண்டி. ராணுவத்துக்கு வண்டி வேண்டும் என்று இந்திய அரசு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியிடம் வாங்கியதில் தொடங்கி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினார்கள். ரெட்டிச் கம்பெனி 1970ஐ ஒட்டி மூடிப்போனது, இங்கே மட்டும் அதே எஞ்சின் தொடர்ந்து வந்தது. நானும் தெருப் பையன்களும் ஆலையில் ஷிஃப்ட் முடியும் சங்கு கேட்டுத்தான் விளையாட்டை நிறுத்துவோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கரூர் தம்பியின் வண்டி 1984. அப்போது டேங்கில் "என்ஃபீல்ட்" மட்டும்தான். "ராயல்" சேர்ந்தது 1990களில், ஐஷர் கம்பெனி கைக்குப் போன பிறகு. கடையில் கிடைக்கிற பளபளப்பான ராயல் என்ஃபீல்ட் பேட்ஜை வாங்கி ஒட்டிவிட்டு ரெஸ்டோர் செய்தேன் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும். டேங்கில் அந்தத் தங்கக் கோடு கையால் போட்டது, டேங்கைச் சுழற்றிக்கொண்டே ஒரே மூச்சில் தூரிகையால் இழுப்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கோடு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பழையது உயிரோடு இருந்தால் விட்டுவிடுங்கள், மெழுகு போட்டுத் துடைத்தாலே போதும்.

டேங்க் உள்ளே துருவுக்கு ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். வினிகர் நிரப்பி இரண்டு மூன்று நாள் வைத்து, பழைய சங்கிலித் துண்டு போட்டு ஆட்டி, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் காயவைத்து உடனே பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோல் டேப்பில் கார்க் இருந்தால் மாற்றுங்கள். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் டியூப்பையும் கார்க்கையும் அது கெடுக்கும், தண்ணீரையும் இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்யுங்கள்.

மைக்ரான்_கோவை

எத்தனாலோடு ஒன்று சேர்க்கிறேன். அதில் ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) கலவை மெலியும், எஞ்சின் சூடாகும், ஆக்ஸிலரேட்டரை மூடும்போது "பட் பட்" என்று வெடிக்கும். ஓடியபின் பிளக் வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

கரூர்_காற்று

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆர்சி என் பெயருக்கு வந்துவிட்டது. கிராங்க் பிரித்தோம், ராட் மேலும் கீழும் ஆடியது, கார்க் சீல் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. மைக்ரான் அண்ணன் சொன்னபடி ரோலர் பிக் எண்ட் போட்டாயிற்று. பேரல் ஸ்டாண்டர்டிலேயே இருந்தது, 20 ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிய பிறகு போர் செய்தோம். ஆம்மீட்டருக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனேன், அந்தச் சந்துகளில் அரை நாள் அலைந்த பிறகு ஊசி ஆடுகிற ஒன்று கிடைத்தது.

ஸ்பார்க் டைமிங்கை நானே வைத்தேன். ஸ்பார்க்கைத் தூண்டும் பாயிண்டின் இடைவெளி 0.38 மி.மீ., பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், ஸ்பார்க்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் மூடிய நிலையில், சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி அது இலகுவாக வழுகும் நொடியில் நிறுத்தினேன். டாப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில், புஷ்ராட் விரலால் சுற்றும், மேலே கீழே ஆடாது என்ற அளவில். கேஸ்கெட் எல்லாம் போட்டு ஆயில் ஊற்றி, வால்வை இயக்கும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி ஆயில் மேலே வருகிறதா என்று பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யவில்லை.

இக்னிஷனைப் போட்டு, ஆம்மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக இறக்கி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்டவைத்து, விட்டு, ஒரே மிதி. மூன்றாவது மிதியில் பிடித்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து டேங்க் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

டிரம்மைச் சீவிய பிறகு பிரேக் போதுமானதாக இருக்கிறது. குழாயை வெட்டவில்லை, வெட்டப் போவதும் இல்லை. 12 வோல்ட் மட்டும் மீனா அக்கா வழியில் செய்யப் போகிறேன், பழைய வயரிங்கைச் சுற்றி வைத்தாயிற்று. ஹேண்டில்பாரை மட்டும் கொஞ்சம் தாழ்வான ஒன்றாக மாற்றியிருக்கிறேன், அது என் ஆசை, பழையது பரணில் பத்திரமாக இருக்கிறது.

சேலம்_ஸ்போக்

ஹேண்டில்பார் போட்டோ போடுங்கள் தம்பி. மனசு நிறைந்தது.

கரூர்_காற்று

நேற்று மாயனூர் கதவணை வரை போய் வந்தேன். ஒரே ஒரு பிரச்சினை: இடது பக்க பிரைமரி கவரில் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினின் மூடி) ஆயில் சொட்டுகிறது. நடு நட்டை நன்றாக முடுக்கினேன், முன்பைவிட அதிகமாகக் கசிகிறது.

மைக்ரான்_கோவை

அதிகமாக முடுக்கியதால்தான். அந்தக் கவரைப் பிடிப்பது அந்த ஒரே நட்டுதான். முடுக்க முடுக்கக் கவர் நடுவில் குழிந்து ஓரம் தூக்கும். கழற்றி, கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்து ஓரம் சமமாக உட்காருகிறதா பாருங்கள். ஆடினால் கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்குங்கள். புது ரப்பர் வளையத்தைத் திருகல் இல்லாமல் பதித்து, நட்டைக் கைக்கு இறுகிய பிறகு அரைத் திருப்பு மட்டும் கொடுங்கள்.